முறுக்கு டப்பாவின் அடியில்

ஏப்ரல் 28, ஞாயிறு

காலை 138. மதியம் 171. படுக்கும் முன் 122.

இது என் மகள் மிருதுளாவுக்காக மருத்துவமனையில் நர்ஸ் எஸ்தர் கொடுத்த நோட்டு. சர்க்கரை அளவு, ஊசி, சாப்பிட்டது மூன்றையும் எழுதச் சொன்னார். "விசேஷமா ஏதாச்சும் நடந்தா அதையும் எழுதுங்க மேடம். பொய் மட்டும் எழுதிராதீங்க. நோட்டுல பொய் இருந்தா மருந்து தப்பாயிரும்." பிளஸ் ஒன் பிள்ளைகளின் தாவரவியல் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது நானும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வேன். பார்த்ததை வரை, புத்தகத்தில் இருப்பதை வரையாதே.

இன்று விசேஷம் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து பூங்கொடி அண்ணி வந்திருந்தார், என் கணவரின் அக்கா. வந்ததும் மைசூர்பாக் பெட்டியைத் திறந்து மிருதுளாவின் வாயருகே ஒரு துண்டை நீட்டினார்.

"ஏன் அம்மணி இப்படி எலும்பாக் கெடக்கற? டைபாய்டு வந்து நாலு மாசமாச்சு, இன்னும் ஒடம்பு தேறலையா?"

மிரு என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். சாப்பிட்டாள். ஐந்து நிமிடம் கழித்து குளியலறைக்குள் கூட்டிப்போய் இரண்டு யூனிட் இன்சுலின் கூடுதலாகப் போட்டேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தேன், ஊசிப் பேனாவின் கிளிக் சத்தம் வெளியில் கேட்காமலிருக்க.

ஜனவரியில் எட்டு நாள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்ததை டைபாய்டு என்று சொல்வதென நாங்கள் முடிவு செய்தோம். பதின்மூன்று வயதுப் பெண். நாளைக்கு அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. 'டைப் ஒன்' என்றால் யாருக்குப் புரியப்போகிறது? சர்க்கரை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும்.

அண்ணி போகும்போது சொன்னார்: "பன்னெண்டாந் தேதி ரெண்டு குடும்பமும் பார்க்குக்குப் போறோம். அலை வர்ற நீச்சக்கொளம் எல்லாம் இருக்குதாமா. எங்கூட்டுக்காரரு டிக்கெட்டு போட்டுட்டாரு. நீ பேசாத வாணி, வர்றீங்க."

மே 3, வெள்ளி

காலை 126. மதியம் 144. மாலை 98.

பார்க்கின் விதிகளைப் படித்தேன். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை. கைக்குழந்தை உணவுக்கும், மருத்துவரின் கடிதம் உள்ளவர்களின் உணவுக்கும் மட்டும் விலக்கு.

டாக்டரிடம் கடிதம் வாங்கிவிட்டேன். நான்கு வரி. மிருதுளாவின் பெயர், நோயின் பெயர், உணவும் இனிப்பும் ஊசியும் எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்ற குறிப்பு.

உள்ளே விற்பதைச் சாப்பிட்டால் கணக்குப் போட முடியாது. வீட்டில் ஒரு சப்பாத்திக்கு முப்பது கிராம் மாவு, தராசில் நிறுத்து உருட்டுகிறேன். அதற்கு இரண்டு யூனிட். அந்நியச் சமையலில் எதற்கு எத்தனை யூனிட் என்று யார் சொல்வது?

மே 8, புதன்

காலை 151.

ஃபோனில் அண்ணி. சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன் என்றதும் ஒரே சிரிப்பு.

"ஏன் வாணி, பார்க்குக்குப் போறமா, பழனிக்குப் பாதயாத்திரை போறமா? சோத்து மூட்டையக் கட்டிக்கிட்டு!"

"வெளிச்சாப்பாடு மிருவுக்கு ஒத்துக்கறதில்லைங்க அண்ணி."

"ஒத்துக்கும், ஒத்துக்கும். நீதான் அவள ஒத்துக்க உடமாட்டீங்கற."

அவரிடம் சொல்லிவிடலாமே என்று என் கணவர் இன்றும் கேட்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

"உங்க அக்காதானுங்க. நீங்களே சொல்லுங்க."

"எனக்கொண்ணுமில்ல வாணி. ஜனவரிலயே சொல்லிருப்பேன். நீதான்…" அதற்குள் துணி தீய்ந்த வாசனை வந்தது.

கருகும் அளவுக்குச் சூடு இல்லை. லேசான மஞ்சள் கறைதான். துவைத்தால் போய்விடும்.

மே 11, சனி

காலை 133. மதியம் 160. மாலை 119.

சப்பாத்தி நாளைக் காலையில். இன்று தட்டைப்பயறு ஊறப்போட்டேன், முறுக்கு சுட்டேன், கொய்யாப்பழம் நறுக்காமல் வைத்தேன்.

குளுக்கோஸ் பொட்டலங்களை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. எப்போதும் என் கைப்பையில் இருக்கும். ஆனால் அண்ணிக்கு என் பையைத் தன் பை போலத் திறக்கிற பழக்கம். சீப்பு, ஊக்கு, தைலம், என்ன வேண்டுமானாலும் கை விட்டு எடுப்பார். சித்திரைத் திருவிழாவில் அப்படித்தான் ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்து, "இதென்ன வாணி, பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயமா?" என்றார். பிள்ளைகளுக்கு வைத்திருப்பது என்று சமாளித்தேன்.

ஊசிப் பேனா, ரத்தம் பார்க்கும் மெஷின், கடிதம் மூன்றும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்கிவிட்டன. அதை யாரும் திறக்க மாட்டார்கள். குளுக்கோஸை முறுக்கு டப்பாவின் அடியில் பரப்பி, மேலே வாழையிலை வைத்து, அதன்மேல் முறுக்கு அடுக்கினேன். டப்பா எப்படியும் என் மடியில்தான் இருக்கும்.

மிரு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குப் பேசாம எங்கிட்டயும் டைபாய்டுன்னே சொல்லிரும்மா. நானும் நம்பிக்கறேன்."

வாயாடி. யாரிடமிருந்து கற்றாளோ.

மே 12, ஞாயிறு

காலை 129. 12.50க்கு 104. பிறகு 44. மாலை 236.

போய்வந்தோம். வாசலில் சாப்பாட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விதி அது. மதியம் மிருவுக்கு அளவு இறங்கிவிட்டது. இனிப்பு கொடுத்ததும் சரியானாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

மே 13, திங்கள்

காலை 187. மதியம் 152.

நேற்றையதைச் சரியாக எழுதவில்லை. எஸ்தர் பார்த்தால், அளவு ஏன் இறங்கியது என்று கேட்பார்.

காலை பத்து மணியிலிருந்து மிருவும் அண்ணியின் மகள் கனிஷ்காவும் அலைக்குளத்தில் இருந்தார்கள். கனிஷ்காவுக்குப் பதினாறு. கூச்சலும் சிரிப்புமாக இருவரும் நுரைக்குள் போய்ப் போய் வந்தார்கள். ஜனவரிக்குப் பிறகு மிரு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நடுவில் பதினோரு மணிக்குச் சுண்டல் கொடுக்க வேண்டியது. சுண்டல் வாசலில் லாக்கருக்குள் இருந்தது.

12.50க்குப் பெண்கள் கழிப்பறையில் வைத்துப் பார்த்தேன். 104. ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீந்திய பிறகு 104 என்பது நின்றுகொண்டிருக்கும் எண் அல்ல, இறங்கிக்கொண்டிருக்கும் எண். அது எனக்குத் தெரியும். என் கணவரும் அண்ணியின் கணவர் லோகநாதன் அண்ணாவும் சாப்பாட்டு வரிசையில் இருந்தார்கள். "அஞ்சே நிமிசம், டோக்கன் வந்துருச்சு," என்று ஃபோனில் சொன்னார் கணவர். எல்லார் முன்னாலும் ஊசி போட முடியாது, அப்புறம் மறுபடி கழிப்பறைக்கு வர அண்ணியிடம் என்ன காரணம் சொல்வது என்று, 1.05க்கு ஐந்து யூனிட் போட்டுவிட்டேன்.

சாப்பாடு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். டோக்கன் மெஷின் நின்றுபோய், வரிசையை மறுபடி முதலிலிருந்து விட்டார்கள்.

மேசையில் மிரு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையிலிருந்து வழிவது தண்ணீரா வியர்வையா என்று தெரியவில்லை. ஒரு டிஷ்யூ காகிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு என்ன ஆச்சு?" என்றார் அண்ணி.

"வெயிலுங்க அண்ணி. வெயில் ஒத்துக்கல."

என் வாய் அதைச் சொன்னது. யோசித்துச் சொன்னதில்லை.

கனிஷ்கா தன் கூல்டிரிங்ஸ் பாட்டிலை நீட்டினாள். "மிரு, இந்தா, ஜில்லுன்னு இருக்கு."

அண்ணி அதைப் பிடுங்கி மேசையின் மறுகோடியில் வைத்தார். "வெயில் தாக்குன ஒடம்புக்கு இதையா குடுப்பாங்க? தொண்டை கட்டிக்கும். மோருதான். உப்புப் போட்ட மோர்." பக்கத்துக் கடைக்கு அவரே ஓடி வாங்கிவந்தார். மிருவின் தாடையைப் பிடித்துப் புகட்டினார்.

மிரு தட்டிவிட்டாள். மோர் அண்ணியின் புடவையெல்லாம் கொட்டியது. "போடி அக்கட்ட," என்றாள் மிரு. தன் அத்தையைப் பார்த்து. குரல் அவளுடையதாக இல்லை, நாக்கு தடித்த ஆள் பேசுகிற மாதிரி.

"பாத்தியா வாணி! என்ன வார்த்த பேசறா பாரு! படிச்ச பொம்பள, நல்லா வளத்திருக்கற!"

அதற்கும் நான் சொன்னது: "மன்னிச்சுக்கங்க அண்ணி. தெரியாமப் பேசிட்டா." அளவு இறங்கினால் கோபம் வரும் என்று எஸ்தர் படம் போட்டுக் காட்டியிருந்தார். கோபம், நடுக்கம், குழறல், பிறகு மயக்கம். மூன்றாவது வரை வந்திருந்தது.

அப்போது மிருவின் தலை மேசையில் முட்டியது. நான் கத்தினேன். "அவளுக்குச் சுகருங்க! ஊசி போட்டிருக்கு! சக்கரை குடுங்க, யாராச்சும் சக்கரை குடுங்க!"

சுற்றி இருந்த மேசைகளெல்லாம் திரும்பின. அண்ணி மேசையின் மறுகோடிக்கு எட்டி, தானே தள்ளி வைத்த அந்தப் பாட்டிலை எடுத்து, மிருவை மார்போடு சாய்த்துக்கொண்டு, "முழுங்கு அம்மணி, முழுங்கு, இன்னொரு வாய்," என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். இரண்டு முறை முயன்றும் மெஷினில் சோதனைப் பட்டை எனக்கு நுழையவில்லை. கனிஷ்காதான் வாங்கிச் செருகினாள். 44.

கால் மணி நேரத்தில் மிரு நிமிர்ந்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள்.

நான் வெயில் என்று சொன்னதற்கும் கத்தியதற்கும் இடையில் மூன்று நிமிடம் இருக்கும்.

மே 14, செவ்வாய்

காலை 141. மதியம் 139.

வேனில் நடந்ததை விட்டுவிட்டேன். லாக்கரிலிருந்து பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பேச்சில்லாத வண்டியில் லோகநாதன் அண்ணாவுக்கு இருக்க முடியாது. "பசிக்குது, அந்த முறுக்கையாச்சும் எடுங்க," என்றார். டப்பா அண்ணியின் காலடியில் இருந்தது. அண்ணியே திறந்தார். ஆளுக்கு இரண்டு கொடுத்தார். இலை தெரிந்தது. இலையைத் தூக்கினார்.

பன்னிரண்டு பொட்டலங்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சித்திரைத் திருவிழாவில் பார்த்த அதே பொட்டலம். மறுபடி உள்ளே வைத்து, இலையைச் சரியாக மூடி, டப்பாவை என் மடியில் வைத்தார். பொள்ளாச்சிப் பிரிவில் இறங்கும்போது மிருவின் தலையைத் தொட்டார். என்னைப் பார்க்கவில்லை.

மே 17, வெள்ளி

காலை 117.

கனிஷ்கா அன்றைய போட்டோக்களை மிருவுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒன்றில் மேசையில் அண்ணி, மிரு, நான் மூவரும் இருக்கிறோம். மிருவின் கண் பாதி மூடியிருக்கிறது. என் கண் கேமராவில் இல்லை, மிருவின் மேல் இருக்கிறது. நேரம் 1.33, வெயில் என்று நான் சொன்ன சமயம். மெஷினில் 44 பதிவான நேரம் 1.45.

மூன்று நிமிடம் என்று எழுதினேன். பன்னிரண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. வாசலில் சாப்பாட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று ஞாயிறன்று எழுதினேன். அவர்கள் வாங்கவில்லை. பை பார்க்கும் பெண் நல்ல மாதிரிதான் கேட்டாள். "யாருக்காச்சும் மருந்துச் சாப்பாடாக்கா? டாக்டர் லெட்டர் இருந்தா காட்டிட்டுக் கொண்டுபோங்க."

பின்னால் நின்ற அண்ணி, "எங்க வூட்ல யாருக்கும்மா நோவு? எல்லாம் கல்லுக் குண்டாட்ட இருக்கறோம்," என்று சிரித்தார்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். மிருவும் பார்த்தாள். கடிதம் என் பையில் இருந்தது. என் விரல் கண்ணாடிக் கூட்டின் மேல் இருந்தது.

"யாருக்கும் இல்லைங்க," என்று சொல்லி, சப்பாத்தி, சுண்டல், முறுக்கு டப்பா எல்லாவற்றையும் நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன். டப்பாவின் அடியில் என்ன இருக்கிறது என்று அந்த நேரம் எனக்கு மறந்துபோனது என்று சொல்லிக்கொள்கிறேன். உள்ளே பத்தடி நடந்ததும் ஞாபகம் வந்தது. திரும்பவில்லை. உள்ளே கடைகள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

மிரு அதன்பிறகு குளத்துக்குள் இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. வெயில் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 19, ஞாயிறு

காலை 124. மாலை 4.30க்கு 131.

அண்ணி வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. இனிப்புப் பெட்டி இல்லை. ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். கூடத்தில் உட்கார்ந்தார். நான் காபி கொண்டுவந்தேன். என் கணவர் எதையோ தேடுகிறவர் போல மாடிக்குப் போய்விட்டார். மிரு கட்டிலில் உட்கார்ந்து விரலைக் குத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள், கதவைச் சாத்தாமல். சாத்து என்று நான் சொல்லவில்லை.

"பொழுதன்னிக்கும் குத்தோணுமா?" என்றார் அண்ணி அவளிடம்.

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவ அத்தை. பழகிருச்சு."

"ஒனக்கு வலிக்காதா அம்மணி?"

"நீங்க மோர் ஊத்துனீங்களே, அத விட வலி கம்மிதான்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் நின்றுபோயிற்று. என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்டச் சொல்ல என்ன வாணி? நானென்ன வேத்தாளா? அந்தப் புள்ள செத்துப்போயிருந்தா? நாந்தான மோரப் புகட்டுனேன். காலம்பூராவும் நானே கொன்னேன்னு இருந்திருப்பேன்."

அப்படி நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அவர் என்ன நினைப்பார் என்று நான்கு மாதமாக நினைத்திருக்கிறேன். அவருக்கு என்ன ஆகும் என்று நினைத்ததில்லை.

"இது எப்படி வந்துச்சு? எங்க பக்கத்துல யாருக்கும் கெடையாது. உங்க பக்கம் யாருக்காச்சும் இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை மறைப்பும். இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. டாக்டர் சொன்ன பதில், உண்மையான பதிலும்கூட: இந்த வகை வேறு, பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை இல்லை, யார் வீட்டுக் குழந்தைக்கும் வரலாம். அதையே சொன்னேன். அவர் தலையாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம்.

மிரு கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க் வாசலில் பார்த்த அதே பார்வை.

"எங்க அப்பாவுக்கு இருந்துச்சுங்க அண்ணி," என்றேன். "அது வேற சுகர். ஆனா இருந்துச்சு. எங்க கல்யாணத்துக்கு ஆறு வருசம் முன்னாடியிருந்தே இருந்துச்சு."

காபி டம்ளர் அவர் கையில் பாதியில் நின்றது. "நிச்சயத்துக்கு முன்னாடி எங்கம்மா கேட்டாங்க. இல்லவே இல்லைன்னீங்க."

"ஆமாங்க."

"நிச்சயத்துப் பந்தியில எங்க எதுக்க உக்காந்து லட்டு சாப்புட்டாரே மனுசன்! ஒண்ணா ரெண்டா?"

"மூணுங்க அண்ணி."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கம்மா போயே ஏழு வருசமாச்சு," என்றார். "இப்ப நான் யாருகிட்டப் போயிச் சண்ட போடறது?"

எழுந்தார். காபியை முழுதாகக் குடிக்கவில்லை. என்னிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மிருவைக் கூப்பிட்டார். "தெனம் சாயந்தரம் எத்தன இருக்குதுன்னு எனக்குப் போன் போட்டுச் சொல்லோணும். உங்கம்மாகிட்டக் குடுக்காத. நீயே சொல்லு."

மே 20, திங்கள்

காலை 128.

அவரிடம் சொல்லாதது ஒன்று. எழுதிவிடுகிறேன், இந்த நோட்டுக்கு அதோடு சம்பந்தமில்லை என்றாலும்.

முதல் இரண்டு லட்டுகளை அப்பா தானே எடுத்துக்கொண்டார். மூன்றாவதை அவர் எடுக்கவில்லை. மாமியார் எதிர் இலையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது பரிமாறிக்கொண்டிருந்தேன், புதுப் பட்டுப்புடவையில். எனக்கு இருபத்து நான்கு வயது. எனக்கு இந்த இடம் பிடித்திருந்தது. அப்பாவின் இலையில் மூன்றாவது லட்டை நான்தான் வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

மறுநாள் முழுக்க அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நிச்சய வேலையில் அலைந்த களைப்பு என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். நானும் சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

காலை 119. சாப்பாட்டுக்கு முன் 127. மாலை 158.

லோகநாதன் அண்ணாவின் தம்பி மகள் கல்யாணம், பொள்ளாச்சியில். அண்ணி என்னோடு பேசினார். "காபி குடிச்சியா?" "மண்டபம் கண்டுபுடிக்கக் கஷ்டமாருந்துச்சா?" அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் மிருவோடு அரை மணி நேரம் பேசுகிறார்.

முறுக்கு டப்பா வந்திருந்தது. டாக்டரின் கடிதத்தை மிரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடியின்மேல் ஒட்டிவிட்டாள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்டபம் முழுக்கத் திரிந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கடிதத்தைப் படித்துக்காட்டினாள். "அய்யோ பாவம், இந்த வயசுலயா," என்று ஒரு கிழவர் சொன்னார். "பாவமெல்லாம் இல்லைங்க தாத்தா. முறுக்கு வேணுமா?"

பந்தியில் நான், மிரு, அண்ணி வரிசையாக உட்கார்ந்தோம். இலை போட்டதும் மிரு கண்ணாடிக் கூட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். தாவணியை லேசாக விலக்கி இடுப்பில் வைத்தாள். எதிர் வரிசையில் இருந்த பெண்கள் சோற்றில் கை வைத்தபடி பார்த்தார்கள். என் கை அவள் தாவணித் தலைப்பை இழுத்து மறைக்கப் பாதி தூரம் போய்விட்டது. போனதை மிரு பார்த்தாள். அண்ணியும் பார்த்தார்.

கை அங்கேயே நின்றது. வேறு வேலை தெரியாமல் அவள் இலையோரம் இருந்த தண்ணீர் டம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்தேன், பேனா வைக்க இடம் இருக்கட்டும் என்று.

கிளிக்.

லட்டுத் தட்டோடு பரிமாறுகிறவர் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு வைங்க," என்றாள் மிரு. "எனக்குச் சுகர் இருக்கு. ஒண்ணுக்குத்தான் ஊசி போட்டிருக்கேன்."

அவர் ஒன்று வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "உங்களுக்குங்கம்மா? ரெண்டா, மூணா?"

நான் இலையைக் கையால் மறைத்தேன்.